பச்சை குத்திய மலை

எங்கள் காளப்பநாயக்கன்பட்டியில் விளையாட்டு, பொழுதுபோக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. ஆண்களுக்குச் சேவல் சண்டை இருந்தது, சந்தை இருந்தது. பெண்களுக்குக் கிணற்றடி இருந்தது, அடுத்த வீட்டுக் கதை இருந்தது. எனக்கு மலை இருந்தது. ஊருக்குக் கிழக்கே அது அப்படியே எழுந்து நிற்கும். மற்ற ஊர்களுக்கெல்லாம் வெயில் வந்த பிறகுதான் எங்களுக்கு வரும். வாசல் தெளிக்கும்போதும் மலை, பல் விளக்கும்போதும் மலை, அடி வாங்கி அழும்போதும் மலை. எனக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாது, ஏறிவிட வேண்டும்.

ஆடிப் பதினெட்டுக்கு ஊரே கொல்லிமலை ஏறும். அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, அருவியில் குளித்து, கோயிலைச் சுற்றிப் பந்தல் போட்டுத் தங்கிவிட்டு இறங்குவார்கள். என் அய்யனுக்குக் கூட்டம் ஆகாது. அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். "அத்தன பேரு குளிச்ச தண்ணியில நான் என்னத்தக் கழுவறது?" என்பார். அதனால் ஆடி பிறந்ததுமே, திருவிழாவுக்கு முன்னால், ஒரு நாள் விடியற்காலையில் கிளம்பிவிடுவார். கூடவே நானும். ஆத்தா வரமாட்டாள். மாடு கன்றை யார் பார்ப்பது என்பாள். மாடு கன்று இல்லாமல் இருந்தாலும் வந்திருக்க மாட்டாள், மேட்டைப் பார்த்தாலே அவளுக்கு மூச்சு வாங்கும்.

மேலே வாசலூர்பட்டியில் அய்யனுக்கு ஒரு தோழர் இருந்தார். சந்தைக்கு வாழைத்தாரும் பலாப்பழமும் சுமந்து இறங்கும்போது எங்கள் வீட்டில்தான் தங்குவார். ஆத்தா கிண்டிய களியை உண்டு, எங்கள் கூடத்திலேயே படுத்துக்கொள்வார். நாங்கள் மேலே போனால் அவர் வீட்டில் தங்குவோம். அந்தத் தங்கல் இல்லாவிட்டால் எங்கள் பயணமே இல்லை. ஏறுவதற்கே ஒரு பகல் போய்விடும், அருவிக்கு மறுநாள்தான் போக முடியும். ஆடிச் சாரலும் குளிரும் ஒரு பக்கம், கரடி ஒரு பக்கம். ஆம்பளை என்றால் எங்காவது பாறை இடுக்கில் சுருண்டுகொள்ளலாம். பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு ஒரு கூரை வேண்டும்.

அடிவாரத்துப் புளியந்தோப்பைத் தாண்டியதும் தடம் செங்குத்தாகிவிடும். அய்யன் முன்னால் புளிச்சோற்று மூட்டையோடு நடப்பார். நான் பின்னால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போவேன். பாதி ஏறும்வரை பேச்சு வரும், அப்புறம் தானாக நின்றுவிடும். அய்யன் திரும்பிப் பார்த்து, "எங்கடா சத்தத்தக் காணோம்?" என்று சிரிப்பார். வழியில் ஒரு ஓடை குறுக்கிடும். அதில் காலை நனைத்துக்கொண்டு புளிச்சோற்றைத் தின்போம். அதற்கு மேல் காற்றே வேறு. கீழே கோடையெல்லாம் காய்ந்து கிடந்த என் தோல் அந்தக் காற்று பட்டதும் சிலிர்த்துக்கொள்ளும். இதைச் சொன்னால் ஆத்தா, "உனக்கென்ன, சாமி வருதா?" என்பாள்.

தோழருக்கு என் வயதில் ஒரு மகள் இருந்தாள். எனக்கு அவள் மலைக்காரி, அவளுக்கு நான் கீழ்நாட்டுக்காரி. பேர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவே இல்லை. ஆடியில் மட்டும் பார்த்துக்கொள்ளும் சிநேகம் அது. ஆனால் பார்த்த நிமிஷத்தில், போன ஆடியில் எந்த இடத்தில் பேச்சை விட்டோமோ அந்த இடத்திலிருந்தே தொடங்கிவிடுவோம். அவர்கள் வீட்டுக்குக் கீழே சரிவில் ஒரு பலாமரம். அதில் கயிறு கட்டி ஊஞ்சல். வீசி ஆடினால் கால் தரையை விட்டுச் சரிவுக்கு மேலே போய்விடும். அடியில் ஒன்றுமே இருக்காது, பனி மட்டும்தான். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அவள் பின்னாலிருந்து, "தொறந்து பாரு புள்ள, தொறந்து பாரு" என்று கத்திக்கொண்டே இன்னும் வேகமாகத் தள்ளுவாள். இரக்கமே இல்லாதவள்.

இருட்டியதும் அவர்கள் வீட்டு அடுப்பைச் சுற்றி எல்லோரும் உட்காருவோம். அவள் ஆத்தா சாமைச் சோற்றைச் சுடச்சுடப் போடுவாள். "உண்ணு சாமி, நாளைக்கு அருவிக்கு நடக்கோணுமில்ல" என்பாள். நானும் மலைக்காரியும் ஒரே கம்பளியைப் பங்குபோட்டுக்கொண்டு அடுப்போரம் படுப்போம். கம்பளி யார் பக்கம் வருகிறது என்பதில் ஒவ்வொரு வருஷமும் சண்டை.

அருவிக்கு அப்போது படி எதுவும் கிடையாது. கோயிலுக்குக் கீழே வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்க வேண்டும். சத்தம் முதலில் வரும், அப்புறம் நெஞ்சுக்குள் ஒரு அதிர்வு, அதற்கும் அப்புறம்தான் தண்ணீர் கண்ணில் படும். அண்ணாந்து பார்த்தால் அது எங்கிருந்து விழுகிறது என்றே தெரியாது. மலைக்காரி நேரே நடுவில் போய் நிற்பாள். தண்ணீர் அவளை அடித்து முட்டி போட வைக்கும். எழுந்து மறுபடி நிற்பாள். நான் ஓரத்தில், சாரல் மட்டும் விழுகிற இடத்தில், பாறையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். "வா" என்று கையை நீட்டுவாள். ஒவ்வொரு ஆடியிலும் நான் இரண்டடி முன்னால் போய்விட்டுப் பின்வாங்கிவிடுவேன். "அடுத்த வருசம் கண்டிப்பா நடுவுல வந்து நிக்கறேன்" என்று சத்தியம் செய்வேன். அவள் நம்பமாட்டாள். ஆனாலும் சத்தியத்தை வாங்கிக்கொள்வாள்.

எனக்குப் பதிமூன்று முடிந்த வருஷம் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வெளியாள் இல்லை, சேந்தமங்கலத்து அத்தை மகன்தான். தையில் முகூர்த்தம் என்று பேசிவிட்டார்கள். அத்தை முதல் நாளே சொல்லிவிட்டாள்: "கண்ணாலத்துக்கு அப்பறம் மலெ ஏறறது, மரம் ஏறறதெல்லாம் ஆவாதுடி." ஆக, வரப்போகிற ஆடிதான் எனக்குக் கடைசி ஆடி. இந்த முறை என்ன ஆனாலும் நடுவில் போய் நின்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டேன். செத்தாலும் பரவாயில்லை என்றுகூட நினைத்தேன். அந்த வயதில் சாவு மிகவும் சுலபமாக இருந்தது.

வைகாசியில் அத்தை வீட்டுக்கு என்னை அழைத்துப் போயிருந்தார்கள். அந்தத் தெருவுக்குப் பச்சை குத்துகிறவள் வந்தாள். அத்தை என் வெறுங்கையைப் பிடித்துப் பார்த்து, "இதென்னடி, வெள்ளையடிச்ச செவுராட்டம் இருக்குது?" என்று என்னை உட்கார வைத்துவிட்டாள். எங்கள் பக்கம் பச்சை குத்தாத பெண் கிடையாது. ஆத்தாவின் இரண்டு கையும் கோலமும் தேளுமாக இருக்கும். எனக்கும் கோலம் போடச் சொன்னாள் அத்தை. நான் மாட்டேன் என்றேன். எனக்கு மலை வேண்டும் என்றேன்.

"எந்த மலெ கண்ணு?" என்றாள் பச்சை குத்துகிறவள்.

எழுந்து போய் அத்தை வீட்டுக் கொல்லையிலிருந்து காட்டினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலையை நிதானமாகப் பார்த்தாள். பிறகு வந்து உட்கார்ந்து என் முன்கையில் அதை அப்படியே ஏற்றிவிட்டாள். மேலும் கீழுமாக முகட்டுக் கோடு. மேலே ஒரு சூரியனை அவளாகவே சேர்த்துக்கொண்டாள். நான் கேட்டதற்காக நடுவில் ஒரு நெட்டுக்கோடு, அதுதான் அருவி. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். கை இட்லி மாதிரி வீங்கிப்போய்க் காய்ச்சலோடு கிடந்தேன். வலியெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மலைக்காரியிடம் இதைக் காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறம் வர முடியாவிட்டாலும் உன் மலை என் கையிலேயே இருக்கிறது, பார் என்று சொல்ல வேண்டும். ஆடி வரும்வரை அந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஆடி வந்தது. அந்த முறை மலை ஏறும்போது என் பேச்சு பாதியில் நிற்கவில்லை. வாசலூர்பட்டி கண்ணில் பட்டதும் அய்யனை விட்டுவிட்டு ஓடினேன். மலைக்காரி வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். நான் மூச்சிரைக்க முன்கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாத்தியா, உங்க மலெ!"

அவள் பார்த்தாள். சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், மறுபடி கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, வீட்டுக்குள் இருக்கும் ஆத்தாவுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்பதுபோல், "எதுக்கு புள்ள இப்படிப் பண்ணுன?" என்றாள்.

கொல்லிமலைக்காரர்கள் உடம்பில் பச்சை குத்திக்கொள்வதில்லை. குத்தியவர்கள் வீட்டுக்குள் வருவது அவர்கள் சாமிக்கு ஆகாது. வாசலைத் தாண்டக்கூடாது. அய்யன் கையில் பச்சை இல்லை, அதுவரை என் கையிலும் இல்லை. குத்திய கையோடு ஆத்தா மேலே வந்ததே இல்லை. அதனால் இத்தனை வருஷச் சிநேகத்தில் இந்தப் பேச்சு எழவேயில்லை. திருவிழாக் கூட்டத்துப் பெண்கள் கோயிலைச் சுற்றியே தங்கிவிடுவதால் அவர்களுக்கும் தெரிய வழியில்லை. மலைக்காரியின் கையையும் அவள் ஆத்தாவின் கையையும் நான் எத்தனை முறை பார்த்திருப்பேன். எல்லாம் வெறுங்கைகள். பாவம், இவர்களுக்குப் பச்சை குத்திவிட ஆள் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அவள் என் கையைப் பிடித்து ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். என் முன்கையைத் தண்ணீரில் முக்கி, மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். நானும் தேய்த்தேன். "அழிஞ்சிரும் புள்ள, இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தாள். தோல் சிவந்தது, உரிந்தது, ரத்தம் கசிந்தது. ரத்தத்தைத் தண்ணீர் கொண்டுபோனதும் மலை முன்னைவிடப் பச்சையாகத் தெரிந்தது. அப்புறம் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. அவள் அழுகிறாள் என்றால் இது நிஜமாகவே நடந்துவிட்டது என்று மட்டும் புரிந்தது.

அவள் ஆத்தா வந்து எங்கள் இருவர் கையையும் பிரித்தாள். என் கையில் மஞ்சளை வைத்துக் கட்டினாள். "எங்க ஊட்டுச் சாமி கோவக்கார சாமி, கண்ணு. எம்மேல கோவப்பட்டா நாந் தாங்கிக்குவேன். புள்ளகுட்டி மேல கோவப்பட்டா என்ன பண்ணுவேன், சொல்லு" என்றாள். அவளை நான் எப்படிக் குறை சொல்வது? என் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் உள்ளே சாப்பிடவில்லை. "உங்க புள்ளய வெளிய உக்கார வச்சுட்டு நா உள்ள உண்பனுங்களா?" என்று தோழர் இலையை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். தூறலில் எல்லோரும் பலாமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சோற்றில் மழை விழுந்தது. சாப்பிட்டு முடித்ததும் தோழர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஏனுங்க, மாட்டுக்கொட்டாயச் சுத்தம் பண்ணி, பில்லுப் போட்டுத் தரனுங்க. எம்மவளும் கூடவே படுத்துக்குவா. காலையில அருவிக்குப் போயிட்டு வந்தரலாமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, சந்தோஷத்தில். மாட்டுக்கொட்டகை எனக்குப் போதும். மாட்டுக்கு நடுவிலேகூடப் படுத்துக்கொள்வேன். அவள் பக்கத்தில் இருப்பாள், காலையில் அருவி இருக்கும், நான் நடுவில் போய் நிற்பேன். அய்யன் முகத்தைப் பார்த்தேன். அய்யன் வேட்டியை உதறி எழுந்துகொண்டார். "எம்பட புள்ள மாட்டுக்கொட்டாயில படுக்க மாட்டாளுங்க. நாங்க எறங்கிக்கறோம்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் வம்பு. கோபமாக இருந்திருந்தால் அழுது சாதித்திருப்பேன்.

முழுசாக இருட்டுவதற்குள் முடிந்தவரை இறங்கிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தார். தோழர் சூந்துப் பந்தத்தைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு அடிவாரம் வரை கூடவே வந்தார். தடம் திரும்பும் இடம்வரை மலைக்காரி வந்தாள். "தையில கண்ணாலம்" என்றேன். "தெரியும்" என்றாள். அவ்வளவுதான்.

அதன் பிறகும் தோழர் சந்தைக்கு வந்தார், எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஆனால் உள்ளே வரமாட்டார். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அங்கேயே துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். அய்யன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், சண்டைகூடப் போட்டார். "இருக்கட்டுமுங்க" என்ற ஒரு வார்த்தையைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை. மாட்டுக்கொட்டகையை வேண்டாம் என்றதற்காக அய்யன் வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவரும் ஆடியில் மலை ஏறவில்லை.

சேந்தமங்கலத்திலிருந்தும் அதே மலைதான் தெரியும். அத்தை வீட்டுக் கொல்லையில் பாத்திரம் துலக்கும்போது எதிரே நிற்கும். துலக்குகிற கையிலும் இருக்கும். எது எரிச்சல் என்று சொல்ல முடியாது, இரண்டுமே எரிச்சல்தான். ஆடி பிறந்து மேலே மேகம் இறங்கினால் எனக்கு வேலை ஓடாது. அங்கே அருவியில் தண்ணீர் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஏங்கிப்போனேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆத்தா வீட்டுக்காக ஏங்காத ஏக்கத்தை அந்த மலைக்காக ஏங்கினேன். அவளை மலைமேலேயே குண்டூர் நாட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று சந்தைக்காரர்கள் வழியாகத் தெரிந்தது.

உலகச் சண்டை நடந்த காலம், மண்ணெண்ணெய் கிடைக்காமல் எல்லோரும் ஆமணக்கெண்ணெய் விளக்குக்குத் திரும்பியிருந்த வருஷங்கள். ஒரு சந்தை நாளில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன கீழ்நாட்டுக்காரி, கண்ணு தெரியலையா?" என்றாள்.

அவள் யோசிக்கவே இல்லை, நேரே உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டாள். "உங்கப்பன் எங்கய்யன் ஊட்டு வாசலத் தாண்ட மாட்டேன்றாரே" என்றேன். "அப்பனுக்குக் கூச்சம். எனக்கென்ன?" என்றாள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு, என் கையை எடுத்து, பச்சையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். அதிலும் ஏதோ சந்தேகம் அவளுக்கு. "இது எங்க மலெ மாதிரியே இல்லையே" என்றாள்.

கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இறங்கி வரும்போது மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்தவள், அதை முழுசாக ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. பிரமித்துப்போய்ப் பார்த்தாள். பிறகு, "வாசலூர்பட்டி எங்க இருக்குது?" என்று கேட்டாள். "அது இங்கிருந்து தெரியாது." "அருவி?" "அதுவும் தெரியாது. அந்தப் பக்கம் விழுகுது." "அப்ப நீ தினமும் என்னத்தத்தான் பாக்கற?" என்றாள்.

கிளம்புவதற்கு முன்னால், வந்த விஷயத்தைச் சொன்னாள். அதற்காகத்தான் வந்திருக்கிறாள். அவர்கள் சாமைக்காட்டில் காவலுக்குப் பரண் போட்டிருக்கிறார்களாம். இந்த முறை பெரிசாகப் போட்டு, சுற்றிலும் தட்டி கட்டி, மேலே புல்லால் கூரை மேய்ந்திருக்கிறாளாம். "அதுல அடுப்பு இல்ல, சாமி இல்ல. அது ஊடே இல்ல. பெரியவங்ககிட்டயும் கேட்டுட்டேன், தப்பில்லைன்னுட்டாங்க. உங்கய்யன் சொல்றாப்பல மாட்டுக்கொட்டாயும் இல்ல. ஆடிக்கு வா. நான் உன்கூட அங்கயே படுத்துக்கறேன். காலையில அருவிக்குப் போலாம்."

இத்தனை வருஷமும் அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். வாரேன் என்றேன்.

அந்த ஆடியில் எனக்கு ஏழாம் மாதம். அடுத்த ஆடியில் அத்தை வாதத்தில் விழுந்துவிட்டாள், ஒரு பக்கம் விளங்கவில்லை. திருப்பிப் படுக்க வைக்க நான்தான் வேண்டும். என்னைத் தவிர வேறு யார் தொட்டாலும் கத்துவாள். அதற்கு அடுத்த ஆடியிலும் அப்படியேதான் கிடந்தாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நல்ல மனுஷன்தான், பொய்யாகச் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் சந்தையில் ஒரு குண்டூர் நாட்டு ஆள் என்னைத் தேடி வந்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. பரணுக்குப் பில்லு மேஞ்சாச்சாம்" என்றார்.

"அது முன்னயே மேஞ்சதுதானுங்களே?" என்றேன்.

"ஒரு மழைக்கு மேல பில்லு நிக்குங்களா? வருசா வருசம் ஆடிக்கு முன்னால பழசப் பிரிச்சுப்போட்டுப் புதுசு மேயறாங்க. காவலுக்குன்னு பக்கத்துல வேற பரண் இருக்குது. இதுல யாரையும் ஏற விடறதில்லீங்க."

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சந்தை நடுவில் நின்றேன். அவர் வாழைத்தாரைத் தோளில் மாற்றிக்கொண்டு, பதில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

வாரேன்னு சொல்லுங்க என்றேன். வீட்டுக்கு வந்தேன். அத்தை கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.